பனியாறுகளின் சாலையில் கூடாரம்: கனடிய ராக்கி மலைக்கு முதன்முறை செல்லும் நண்பர்களுக்கு

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், லேக் லூயிஸ் என்னும் சிற்றூரிலிருந்து ஜாஸ்பர் நகர் வரை, ராக்கி மலைத்தொடரின் நடுவே 230 கிலோமீட்டருக்கும் சற்று மேலாக நீளும் சாலைக்கு ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே என்று பெயர். பான்ஃப், ஜாஸ்பர் ஆகிய இரண்டு தேசியப் பூங்காக்களை இணைக்கும் இந்தச் சாலையைப் பெரும்பாலான பயணிகள் ஒரே பகலில் காரில் கடந்துவிடுகிறார்கள். நண்பகல் வெயிலில் நெரிசலான வாகன நிறுத்தங்களில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு மறுபடியும் ஏறிச் செல்லும் அந்தப் பயணத்தில் பனியாற்றின் (மலைச்சரிவில் மெல்ல நகர்ந்து இறங்கும் பெரும் பனிக்கட்டித் திரளின்) நாட்டைப் பார்த்ததாகச் சொல்லலாமே தவிர, அங்கே இருந்ததாகச் சொல்ல முடியாது. சுற்றுலாப் பேருந்துகள் திரும்பிய பிறகு வரும் நீண்ட மாலையும், அவை வருவதற்கு முந்தைய காலையும் அந்தப் பள்ளத்தாக்குகளில் இரவு தங்குபவர்களுக்கே கிடைக்கின்றன. இதற்கு முன் கூடாரத்தில் தங்கியிராத நான்கைந்து நண்பர்கள் இந்தச் சாலையில் பாதுகாப்பாகத் தங்கி ஊர் சுற்றுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கு எழுதுகிறேன்.

முதலில், காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

முதன்முறை செல்பவர்களுக்கு ஜூலை நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்டு இறுதி வரையிலான காலமே ஏற்றது. ஜூன் மாதத்தில் பகல் மிக நீண்டிருக்கும் என்பதும், இரவு பத்து மணிக்கும் வானில் வெளிச்சம் இருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் உயரமான நடைபாதைகளில் அப்போது பனி உருகியிராது, கொசுவும் மிகுதி. புகைப்படங்களில் நாம் பார்த்து மயங்கும் ஏரிகளின் நீலப்பச்சை நிறமும் அப்போது முழுமையாக வந்திராது. பனியாறு நகரும்போது அடியிலுள்ள பாறையை அரைத்து மிக நுண்ணிய பாறைத்தூளாக்குகிறது. கோடையில் உருகும் நீர் அந்தத் தூளை ஏரிக்குக் கொண்டுவந்து சேர்க்க, நீரில் மிதக்கும் அந்தத் துகள்கள் நீல, பச்சை ஒளியைச் சிதறடிப்பதால்தான் பெய்ட்டோ, போ, மொரெய்ன் ஏரிகளுக்கு அந்த நிறம் வாய்க்கிறது. ஜூன் தொடக்கத்தில் சென்றால் பெய்ட்டோ ஏரி இன்னும் உறைந்தே கிடக்கக்கூடும்.

செப்டம்பர் பிற்பகுதியில் லார்ச் மரங்களின் ஊசியிலைகள் பொன்னிறமாக மாறும் காட்சி மிகவும் அழகானது. ஆனால் அப்போதைய இரவுக் குளிர் முதல் அனுபவத்துக்கு உகந்ததன்று. ஆகஸ்டில் காட்டுத்தீயின் புகை மலைகளை மறைக்கும் நாட்களும் உண்டு. 2024 ஜூலையில் பரவிய தீ ஜாஸ்பர் நகரின் கட்டடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அழித்தது. ஆகவே புறப்படுவதற்கு முன்பும் பயணத்தின்போதும் பூங்கா நிர்வாகமான பார்க்ஸ் கனடாவின் இணையதளத்தில் எந்த முகாம்கள், எந்தப் பாதைகள் திறந்திருக்கின்றன என்பதைப் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

இரண்டாவது, இடம் பிடித்தல்

ஒரு முகாமிடத்தில் ஆறு பேர் வரையே தங்கலாம். இதனால் நண்பர் குழு ஆறைத் தாண்டாமல் இருப்பது எல்லா வகையிலும் வசதி. ஒரே வாகனத்தில் ஏழு பேர் வரை செல்பவர்களுக்குப் பூங்காவின் குழு நுழைவுச்சீட்டு ஒன்றே போதும். நுழைவுச்சீட்டு வேறு, முகாமிடக் கட்டணம் வேறு, விறகு எரிப்பதற்கான அனுமதிக் கட்டணம் வேறு என்பதைச் செலவுக் கணக்குப் போடும்போதே நினைவில் கொள்ளுங்கள்.

லேக் லூயிஸ், ஜாஸ்பர் அருகிலுள்ள விஸ்லர்ஸ் போன்ற பெரிய முகாம்களில் குளியலறை, ஓடும் நீர், கழிப்பறை எல்லாம் உண்டு. அவற்றுக்கு ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே முன்பதிவு தொடங்கி, கோடை வார இறுதிகள் விரைவில் தீர்ந்துவிடும். சாலையின் நடுப்பகுதியிலுள்ள மொஸ்கிட்டோ கிரீக், வாட்டர்ஃபௌல் லேக்ஸ், ராம்பார்ட் கிரீக், வில்காக்ஸ் கிரீக், ஜோனஸ் கிரீக், ஹனிமூன் லேக் முதலியவை எளிய முகாம்கள். குளியலறை அங்கே இல்லை. பெரும்பாலானவற்றில் கழிப்பறைகளும் மிக எளியவை. இத்தகைய முகாம்களில் சிலவற்றில் முன்பதிவு இல்லாமல், முதலில் வந்தவருக்கே இடம் என்ற முறை இருக்கும். அப்படிப்பட்ட முகாமில் தங்க விரும்பினால் வார நாளில், முற்பகலிலேயே போய்ச் சேர்ந்து இடத்தைப் பிடித்துக் கட்டணத்தைச் செலுத்திவிட்டு, பிறகு ஊர் சுற்றக் கிளம்புங்கள். மாலை ஆறு மணிக்குப் போய்த் தேடினால் கிடைக்காது.

என் பரிந்துரை இதுதான்: முதல் இரண்டு இரவுகள் லேக் லூயிஸ் முகாமில், அடுத்த இரண்டு இரவுகள் நடுவழியிலுள்ள எளிய முகாம் ஒன்றில், கடைசி இரவு ஜாஸ்பர் அருகில். ஒவ்வோர் இரவும் இடம் மாறினால் கூடாரத்தைக் கட்டுவதிலும் பிரிப்பதிலுமே பாதி நாள் போய்விடும். லேக் லூயிஸில் கூடாரப் பகுதியைச் சுற்றி மின்வேலி போடப்பட்டிருப்பதால், கரடி நாட்டில் முதல் இரவைக் கழிப்பவர்களுக்கு அது மனத்துக்குத் தெம்பளிக்கும்.

மூன்றாவது, குளிருக்கு ஆயத்தமாதல்

பெரும்பாலான புதியவர்கள் இந்த இடத்தில்தான் தவறான கணக்குப் போடுகிறார்கள். பகலில் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஜூலை நாளிலும், 2,000 மீட்டர் உயரத்திலுள்ள வில்காக்ஸ் முகாமில் விடியற்காலை வெப்பநிலை உறைநிலையைத் தொடக்கூடும். கோடையின் எந்த மாதத்திலும் பனி பெய்யலாம். இதற்கு உயரம் மட்டும் காரணமன்று. பனியாற்றின் மேலுள்ள காற்று குளிர்ந்து அடர்த்தியாகி, தன் எடையாலேயே சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்குக்குள் வீசுகிறது. வானம் தெளிவாக இருந்தாலும் அத்தபாஸ்கா பனியாற்றின் அருகே நிற்கும்போது முகத்தில் அறையும் காற்று இதுதான்.

உறங்கு பையை வாங்கும்போதோ வாடகைக்கு எடுக்கும்போதோ அதில் இரண்டு வெப்பநிலைகள் குறிக்கப்பட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். ஒன்று வசதியாக உறங்கக்கூடிய வெப்பநிலை. மற்றொன்று குறுகிப் படுத்து எப்படியோ தாங்கக்கூடிய எல்லை. விளம்பரத்தில் பெரிதாக இருப்பது பல நேரம் இரண்டாவதுதான். வசதி வெப்பநிலை மைனஸ் 5 டிகிரி அளவில் உள்ள பையைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு இணையாக முக்கியமானது அடியில் விரிக்கும் பாய். உடலின் எடையால் அமுங்கிய பை தரைக்குளிரைத் தடுக்காது, பாய்தான் தடுக்கும். அதன் வெப்பத் தடைத் திறனைக் குறிக்கும் ஆர் மதிப்பு 4 அளவில் இருக்கட்டும். காற்றடைக்கும் பெரிய மெத்தை வீட்டில் சுகமாக இருக்கும். இங்கே அதனுள் உள்ள காற்று இரவு முழுவதும் குளிர்ந்து முதுகை உறையவைக்கும்.

உடையில் பருத்தியையும் ஜீன்ஸையும் மலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். நம்மூர் வெயிலுக்குப் பருத்தியைப் போன்ற நல்ல துணி இல்லை என்பதாலேயே நாம் பழக்கத்தில் அதை அடுக்கிவிடுகிறோம். ஆனால் நனைந்த பருத்தி உலர நெடுநேரமாகும், அதுவரை உடலின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தோலை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் நீர் புகாத மழைச்சட்டை என்று மூன்று அடுக்காக உடுத்துங்கள். காதை மூடும் தொப்பி, கையுறை, இரவுக்கென்று தனியாக ஒரு ஜோடி உலர்ந்த காலுறை ஆகியவை ஆகஸ்டிலும் வேண்டும். நண்பர்களில் யாராவது நிறுத்தாமல் நடுங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தடுமாறினாலோ, உடல்வெப்பம் அபாயகரமாகக் குறைகிறது என்று பொருள். உடனே காற்றிலிருந்து ஒதுக்கி, ஈர உடையை மாற்றி, போர்த்தி, சூடான இனிப்புப் பானம் கொடுக்க வேண்டும்; நிலைமை தேறாவிட்டால் உதவியை அழைக்கத் தாமதிக்கக்கூடாது.

நான்காவது, வழியில் வாங்க வேண்டியவை

டொரொன்டோவிலிருந்து வந்தாலும் சென்னையிலிருந்து வந்தாலும் பெரும்பாலோர் கால்கரி விமான நிலையத்தில்தான் இறங்குவார்கள். சமையல் எரிவாயுக் குப்பியையும், நெருங்கி வரும் கரடியை விரட்ட உதவும் கரடி ஸ்ப்ரேயையும் விமானத்தில் கொண்டுவர முடியாது என்பதால் இரண்டையும் கால்கரியிலேயே வாங்க வேண்டும். கூடாரம், பாய், அடுப்பு ஆகியவற்றை வாடகைக்குத் தரும் கடைகளும் அங்கு உண்டு. கூடாரத்தைக் கடையை விட்டு வெளியே வந்ததும் ஒருமுறை விரித்துக் கட்டிப் பாருங்கள். கம்பியோ முளையோ குறைந்திருப்பது மழையில் தெரியவரக்கூடாது. விறகை வெளியூரிலிருந்து கொண்டுவராதீர்கள்: மரங்களை அழிக்கும் பூச்சிகள் விறகோடு பயணம் செய்யும். முகாமில் கிடைப்பதையே பயன்படுத்துங்கள். தீத் தடை அறிவிக்கப்பட்டிருந்தால் விறகு மூட்டுவதை அறவே விட்டுவிட வேண்டும்.

லேக் லூயிஸைத் தாண்டினால் ஜாஸ்பர் வரை பெட்ரோல் கிடைக்கும் ஒரே இடம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சஸ்காச்சுவான் ரிவர் கிராசிங். அதுவும் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. டாங்கை லேக் லூயிஸிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சாலையின் பெரும்பகுதியில் கைப்பேசித் தொடர்பு கிடையாது. எனவே வரைபடங்களைக் கைப்பேசியில் முன்கூட்டியே இறக்கி வைப்பதோடு, காகித வரைபடம் ஒன்றும் வைத்திருங்கள். செயற்கைக்கோள் வழியே அவசரச் செய்தி அனுப்பும் கருவியை குழுவுக்கு ஒன்று வாடகைக்கு எடுத்தால் அந்தச் செலவு வீணாகாது. ஊரிலுள்ள ஒருவரிடம் எந்த இரவு எங்கே தங்குகிறீர்கள், எப்போது மறுபடி தொடர்பு எல்லைக்கு வருவீர்கள் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

ஐந்தாவது, முகாமில் உணவும் கரடியும்

இங்கே கிரிஸ்லி கரடியும் கருங்கரடியும் வாழ்கின்றன. மனித உணவைச் சுவைத்துப் பழகிய கரடி மீண்டும் மீண்டும் முகாமுக்கு வரும். இறுதியில் பூங்கா ஊழியர்கள் அதை அகற்றவோ கொல்லவோ வேண்டிய நிலை வரும். எனவே உணவை ஒளித்து வைப்பது நம் பாதுகாப்புக்காக மட்டுமன்று. அந்த விலங்கின் உயிரும் அதில் அடங்கியிருக்கிறது. விதி எளியது: நீங்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பொருளைத் தவிர, மணமுள்ள எதுவும் மேசையிலோ கூடாரத்திலோ இருக்கக்கூடாது. உணவு, காலியான கூலர் பெட்டி, கழுவாத பாத்திரம், அடுப்பு, குப்பை, பற்பசை, சோப்பு, தலைக்கு வைக்கும் எண்ணெய், நாயின் உணவுத் தட்டு ஆகிய எல்லாமே கண்ணாடி ஏற்றிப் பூட்டிய காருக்குள்ளோ முகாமின் இரும்புப் பெட்டகத்துக்குள்ளோ இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் நடந்துவிட்டு வருவதானாலும் இதுவே விதி.

நம் சமையலுக்கு மணம் அதிகம் என்பதால் இதில் நமக்குக் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. முகாமில் வெங்காயம் வதக்கி, மசாலா வறுத்துச் சமைப்பதைத் தவிர்த்து, வீட்டிலேயே தயாரித்த புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, உப்புமாக் கலவை போன்றவற்றைக் கொண்டுவந்தால் வேலையும் குறையும், மணமும் குறையும். இந்த உயரத்தில் நீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அரிசியும் பருப்பும் வேக நெடுநேரம் பிடிக்கும். அவல், ரவை, விரைவில் வேகும் நூடுல்ஸ் ஆகியவை எரிவாயுவை மிச்சப்படுத்தும். சமையல் கொட்டகை இருந்தால் அங்கேயே சமையுங்கள். சமைத்தபோது அணிந்திருந்த சட்டையோடு கூடாரத்துக்குள் படுக்காதீர்கள். பாத்திரம் கழுவிய நீரைச் செடிகளுக்குள் ஊற்றாமல் அதற்கென்று உள்ள தொட்டியில் ஊற்றுங்கள்.

கரடி ஸ்ப்ரேயைப் பைக்குள் வைத்திருப்பதால் பயனில்லை. இடுப்பிலோ மார்புப் பட்டையிலோ கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும், பாதுகாப்புப் பூட்டை எப்படி விலக்குவது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது மிளகாய்க் காரத்தால் ஆனது. கரடி சில மீட்டர் நெருங்கி வரும்போது அதன் முகத்தை நோக்கி அடிப்பதற்கானது. கொசு மருந்தைப் போல உடலிலோ கூடாரத்திலோ தெளிப்பதற்கானதன்று. நடக்கும்போது உரக்கப் பேசிக்கொண்டே, சேர்ந்தே செல்லுங்கள். திடீரென எதிர்ப்பட்டுத் திடுக்கிடுவதைக் கரடியும் விரும்புவதில்லை. எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள், அமைதியான குரலில் பேசிக்கொண்டே பின்னோக்கி நகருங்கள். கரடி, ஓநாய் ஆகியவற்றிடமிருந்து 100 மீட்டரும், எல்க் மான், மலையாடு போன்றவற்றிடமிருந்து 30 மீட்டரும் விலகியிருக்க வேண்டும் என்பது பூங்கா நிர்வாகத்தின் அறிவுரை. செப்டம்பரில் இணை தேடும் ஆண் எல்க் மானும், வசந்தத்தின் இறுதியில் கன்றோடு நிற்கும் பெண் எல்க்கும் கரடிக்கு இணையான ஆபத்தானவை. லேக் லூயிஸ் வட்டாரத்தில் கரடி நடமாட்டம் மிகுந்த காலங்களில், குறைந்தது நான்கு பேர் நெருக்கமாகச் சேர்ந்து நடந்தால்தான் சில பாதைகளில் அனுமதி என்று சட்டப்படி அறிவிப்பார்கள். நண்பர்களோடு செல்வதில் உள்ள மெய்யான பயன்களில் அதுவும் ஒன்று.

ஆறாவது, பார்க்க வேண்டியவற்றின் வரிசை

லேக் லூயிஸில் தங்கும் நாளில் மொரெய்ன் ஏரிக்குச் செல்ல எண்ணினால், 2023 முதல் அந்தச் சாலையில் சொந்த வாகனங்களுக்கு அனுமதியில்லை என்பதை அறிந்துகொள்ளுங்கள். ஷட்டில் பேருந்துக்கு முன்பதிவு செய்ய வேண்டும். லூயிஸ் ஏரிக்கரையில் திரளும் கூட்டம் அலுப்பூட்டினால், கரையோரமாகவே நடந்து ஆறு பனியாறுகளின் சமவெளி எனப்படும் பாதையில் ஏறுங்கள். 1920களில் கட்டப்பட்டு இன்றும் இயங்கும் தேநீர் விடுதி ஒன்று அந்தப் பாதையில் இருக்கிறது. போகவர ஏறக்குறைய 11 கிலோமீட்டர்.

வடக்கே புறப்படும் நாளில் அதிகாலையிலேயே கிளம்பி, போ என்னும் ஏரியின் கரையிலிருந்து க்ரோஃபுட் பனியாற்றைப் பாருங்கள். காகத்தின் பாதம் போல மூன்று விரல்களோடு இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. கீழ்விரல் கடந்த நூற்றாண்டில் உருகி மறைந்துவிட்டது. அடுத்து, பெய்ட்டோ ஏரியின் காட்சிமேடைக்கு வாகன நிறுத்தத்திலிருந்து கால்மணி நேர ஏற்றம்தான். மிஸ்டாயா மலையிடுக்கைப் பார்த்துவிட்டு முகாமுக்குச் சேர்ந்தால் அன்றைய நாளுக்கு அது போதும்.

மறுநாளை முழுவதுமாக, பல பனியாறுகள் பிறக்கும் பரந்த பனிப்பரப்பான கொலம்பியா பனிப்புலத்துக்கு ஒதுக்குங்கள். இந்தப் பனிப்புலத்தின் உருகுநீர் அத்தபாஸ்கா ஆற்றின் வழியே ஆர்க்டிக் பெருங்கடலையும், கொலம்பியா ஆற்றின் வழியே பசிபிக்கையும், சஸ்காச்சுவான் ஆற்றின் வழியே ஹட்சன் விரிகுடாவையும் சென்றடைகிறது. அதிலிருந்து இறங்கும் அத்தபாஸ்கா பனியாறு சாலையிலிருந்தே தெரியும். கடந்த 125 ஆண்டுகளில் அது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருக்கிறது. அதன் நுனியை நோக்கி நடக்கும் பாதையில், எந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்று ஆண்டைக் குறித்த பலகைகள் நட்டிருக்கிறார்கள். நீங்கள் பிறந்த ஆண்டில் பனி இருந்த இடத்துக்கும் இன்றைய நுனிக்கும் இடையே வெறும் கல்லும் மண்ணுமாகக் கிடக்கும் தொலைவை நடந்து கடந்து பாருங்கள். எந்தக் கட்டுரையும் அதற்கு ஈடாகாது.

அந்தப் பாதையின் முடிவில் கட்டப்பட்டிருக்கும் தடையைத் தாண்டாதீர்கள். எத்தனை பேர் அப்பால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாலும் உங்கள் குழுவில் ஒருவரும் செல்லக்கூடாது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பனியாறு நகரும்போது அதில் ஆழமான பிளவுகள் உண்டாகின்றன. அவற்றின் வாயை மெல்லிய பனிப்படலம் மூடியிருப்பதால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. அப்படிப் பிளவுக்குள் விழுந்தவர்கள், மீட்பவர்கள் அருகிலேயே இருந்தும், குளிரில் உயிர் இழந்திருக்கிறார்கள். பனியின்மேல் நடக்க விரும்பினால் பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு செல்லும் நடைக்குப் பதிவு செய்யுங்கள். கயிறு, ஆணிக் காலணி, பிளவுகளைப் பற்றிய அறிவு எல்லாம் அவர்களிடம் உண்டு. பெரிய சக்கர வாகனத்தில் ஏற்றிச் சென்று பனியில் இறக்கிவிடும் சுற்றுலாவும் இருக்கிறது. நடக்க இயலாதவர்களுக்கு அது நல்லது, மற்றவர்களுக்கு வழிகாட்டியோடு நடப்பதையே பரிந்துரைப்பேன்.

தொங்கும் பனிக்கு அடியிலும், பனியுருகும் குளத்தின் கரையிலும் நிற்பதையும் தவிர்க்க வேண்டும். 2012 ஆகஸ்டில் ஜாஸ்பர் அருகே எடித் கேவல் மலையிலிருந்த கோஸ்ட் பனியாறு இடிந்து கீழுள்ள குளத்தில் விழ, வெளியேறிய வெள்ளம் வாகன நிறுத்தம் வரை பாய்ந்தது. இரவு நேரமாக இருந்ததால்தான் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பனியாற்று நீரோடைகளும் அப்படித்தான்: காலையில் கணுக்காலளவு ஓடும் நீர், வெயிலேறிப் பனி உருகிய பின் மாலையில் கடக்க முடியாத அளவுக்குப் பெருகும்.

பிற்பகலில் பார்க்கர் முகடு, வில்காக்ஸ் கணவாய் ஆகிய இரண்டில் ஒன்றில் ஏறுங்கள். பார்க்கர் முகட்டில் ஏறக்குறைய 250 மீட்டர் ஏறினால், சாலையிலிருந்து தெரியாத சஸ்காச்சுவான் பனியாறு மறுபுறத்தில் நீண்டு கிடப்பதைக் காணலாம். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் வில்காக்ஸைத்தான் சொல்வேன். வளைகொம்பு மலையாடுகள் மேயும் அந்தப் புல்வெளியில் அமர்ந்தால் அத்தபாஸ்கா பனியாறு முழுவதும் எதிரே விரியும். வில்காக்ஸ் முகாமில் தங்கினால் அங்கிருந்தே நடந்து போகலாம் என்பதால் காரைத் தொடவும் தேவையில்லை. மரங்களற்ற உயரத்தில் பாதையை விட்டு விலகி மிதிக்காதீர்கள். அங்குள்ள சிறு செடிகள் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

குழுவாக நடப்பதற்கான ஏற்பாடு

இதைப் புறப்படுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். மெதுவாக நடப்பவர் முன்னே செல்லட்டும், அவர் வேகமே குழுவின் வேகம். எந்த நேரத்தில், எந்த இடத்தில் இருந்தாலும் திரும்புவது என்பதைக் காலையிலேயே முடிவு செய்யுங்கள். ஒருவருக்கு மனமில்லை என்றால் எல்லோரும் திரும்புவது என்ற உடன்பாடு இருக்கட்டும். காரணம் சொல்லச் சொல்லி அவரை வற்புறுத்தாதீர்கள். இரவில் உணவைப் பூட்டியதைச் சரிபார்க்கும் பொறுப்பை ஒவ்வொரு நாளும் ஒருவர் பெயர் சொல்லி ஏற்க வேண்டும், ஏனெனில் எல்லோருடைய வேலை என்றால் அது யாரும் செய்யாத வேலையாகிவிடும். இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரை முகாமில் அமைதி காக்க வேண்டும். ட்ரோன் பறக்கவிடுவதற்குத் தேசியப் பூங்காக்களில் அனுமதியில்லை.

கடைசி நாளில் ஜாஸ்பருக்கு இறங்கும் வழியில் சன்வாப்டா அருவியும் அத்தபாஸ்கா அருவியும் இருக்கின்றன. இரண்டாவது 23 மீட்டர் உயரமே என்றாலும் ஆற்றின் முழு நீரும் குறுகிய பாறையிடுக்கில் பாய்வதால் அதன் வேகம் மலைக்கவைக்கும். வேலிக்கு அப்பாலுள்ள பாறை எப்போதும் ஈரமாகவும் வழுக்கலாகவும் இருக்கும் என்பதால் வேலிக்கு உள்ளேயே நில்லுங்கள். காலையில் முகாமை விட்டுக் கிளம்பும்போது அடுப்புக்குழியில் நீரூற்றிக் கிளறி, கையை அருகே வைத்துச் சூடு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முளைகளை எண்ணி, புல்லில் சிந்திய பருக்கைகளையும் பொறுக்கிக் கரடியால் திறக்க முடியாத குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் புறப்படுங்கள். ஈரமான கூடாரத்தைச் சுருட்டி அப்படியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஜாஸ்பரை அடைந்ததும் வெயிலில் விரித்து உலர்த்திய பிறகு பையில் வையுங்கள்.